குண்டிக்காய் டாக்டர்

என் தம்பி பூவராகனுக்குக் கால் செருப்புக்குள் நுழையவில்லை. முதலில் தெரிந்தது அதுதான். தீபாவளி போனஸில் திருப்பாப்புலியூரில் வாங்கிய செருப்பு. குப்பத்து மணலில் செருப்புப் போட்டு நடப்பவன் அவன் ஒருத்தன்தான். கடலுக்குப் போகாமல் மில்லுக்குப் போகிற துரை அல்லவா! அன்றைக்குச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்தான். "என்னாடா, செருப்புக்குக் கால் வலிக்குதுன்னு தூக்கிக்கிட்டு வர்றியா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினான். கணுக்கால் இருக்கும் இடமே தெரியவில்லை. விரலால் அழுத்தினேன். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. அன்றைக்கு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டவள்தான் நான்.

என் பெயர் செல்லாயி. சோனாங்குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு உப்பனாற்றைப் படகில் தாண்டி, கடலூர் ஓ.டி.யில், அதான் பழைய டவுனில், மீன் விற்கிறேன். செல்லாயி வாய்க்குப் பயந்து காக்காய்கூட அவள் கூடையில் உட்காராது என்று ஊரில் பேச்சு. பேசட்டும். மீன்காரிக்கு வாய் இல்லையென்றால் மீன் நாறிப்போகும்.

அந்த வாயை நான் அதிகம் செலவழித்தது என் தம்பி பெண்டாட்டி அமராவதியிடம்தான். கிள்ளைப் பக்கத்துப் பெண். தலை நிமிர்ந்து பேசமாட்டாள். எது சமைத்தாலும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்து, "உப்பு சரியா இருக்கா அண்ணி?" என்று கேட்பாள். ஒருநாள் "ஜாஸ்தி" என்பேன். மறுநாள் "சப்புன்னு இருக்குது" என்பேன். சரியாக இருந்த நாளிலும் சரி என்று நான் சொன்னது கிடையாது. நாத்தனார் என்றால் சும்மாவா? ஆனால் கருவாடு போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதை நானே ஒத்துக்கொள்வேன். பரங்கிப்பேட்டை வியாபாரி அப்துல் முத்தலிப் பாய், அவள் போட்ட கருவாடு என்றால் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடை போடச் சொல்வார்.

பூவராகனுக்கு மில்லில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். தொழிலாளர் இன்சூரன்ஸ் அட்டை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். நோய் நொடி என்றால் அட்டையைக் காட்டினால் போதும், வைத்தியம், மருந்து எல்லாம் கவர்மெண்டு பொறுப்பு. கடலுக்குப் போகிற ஆம்பிளைகளுக்கு அந்தப் பாக்கியம் ஏது? எங்களுக்கெல்லாம் மாரியாத்தாதான் இன்சூரன்ஸ். "உனக்கென்னாடா, அட்டைக்காரன்" என்று எல்லாரும் அவனைக் கேலி பண்ணுவார்கள். அவனும் அந்த அட்டையை மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தான்.

அட்டையை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் ராமாமிர்தம் என்று ஒருவர். பூவராகனின் மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு வெந்த மாதிரி அது திரிந்து நின்றது. 

"குண்டிக்காய்ல நோவு" என்றார் டாக்டர். "உடம்புல இருக்கற வேண்டாத தண்ணிய வடிகட்டி வெளிய அனுப்பறது அதோட வேலை. அது சரியா வேலை செய்யல. மாத்திரை தர்றேன். மில்லுக்கு லீவு எழுதித் தர்றேன். உப்பு மட்டும் ஆவாது. சாப்பாட்டுல ஒரு கல்லு உப்பு போடக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று மூன்று பேரும் தலையாட்டினோம். கசாப்புக் கடையில் ஆட்டுக் குண்டிக்காய் பார்த்திருக்கிறேன். அவரைக் கொட்டையைப் பெரிதாக்கினது போல இருக்கும், அவ்வளவுதான். அந்தத் துளியூண்டு காய்க்கு ஒரு ஆம்பிளையைச் சாய்க்கிற அதிகாரம் இருக்கிறதா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அமராவதி அன்றைக்கே தன் வீட்டு உப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் அடுப்படியில் வைத்துவிட்டாள். "வீட்டுல இருந்தா கை தவறிப் போட்டுருவேன் அண்ணி, உங்க வூட்டுலயே இருக்கட்டும்" என்றாள். அப்படி ஒரு கட்டுப்பாடு. ரேஷன் புழுங்கலை நொய்யாக்கிக் கஞ்சி காய்ச்சுவாள். அதில் உப்பு இல்லை, மோர் இல்லை. தொட்டுக்கொள்ள அவள் கையாலே போட்ட மீனைச் சுட்டு, முள் எடுத்து, உதிர்த்து வைப்பாள். காய்ச்சல் விட்டவனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் எங்கள் குப்பத்தில் அதுதானே பத்தியம். பூவராகன் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்துவான்.

"வேணாம்டி. நாக்கு தடிச்சுப் போவுது. தண்ணி தண்ணின்னு கேக்குது."

"இதுவும் வேணாம்னா ஒடம்புல தெம்பு எப்புடிய்யா வரும்? சப்புன்னு கஞ்சி மட்டும் எறங்குமா? இன்னும் ஒரு வாய்" என்று அவள் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டுவாள். நானும் பக்கத்தில் நின்று, "தின்னுடா, பொண்டாட்டி ஆக்கிப்போட்டத தின்னாம என்னா வீராப்பு?" என்று அதட்டுவேன்.

வீக்கம் வடியவில்லை. காலில் இருந்தது முழங்காலுக்கு ஏறியது. காலையில் எழுந்தால் கண் இரண்டும் மூடிக்கொள்கிற அளவுக்கு முகம் ஊதிப்போயிருக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறும். சுவரில் சாய்ந்தே தூங்கினான். டாக்டர் ராமாமிர்தம் மாத்திரையை மாற்றிப் பார்த்தார், ஊசி போட்டுப் பார்த்தார். கடைசியில் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"இது என் கைக்கு மீறுதம்மா. கிட்னிக்குன்னே படிச்சவங்க பாக்கணும்."

"அவுங்க எங்க இருக்காங்க?" என்றேன்.

"மெட்ராஸ்ல. எழுதிப் போட்டிருக்கேன். படுக்கை காலியானா கூப்புடுவாங்க. அதுக்குள்ள இங்க யாராவது ஸ்பெஷலிஸ்ட் இன்சூரன்ஸ்ல பாப்பாங்கன்னா கூட்டிக்கிட்டுப் போங்க, நான் சீட்டு எழுதித் தர்றேன்."

மெட்ராஸிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. வருகிற வரைக்கும் குண்டிக்காய் காத்துக்கொண்டிருக்குமா? நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு டாக்டர் தேடக் கிளம்பினேன்.

மஞ்சக்குப்பத்தில் பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறார், குண்டிக்காய் நோவெல்லாம் பார்ப்பார் என்றார்கள். பூவராகனை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனோம். வாசலில் கம்பவுண்டர் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"இன்சூரன்ஸா? இங்க எடுக்கறதில்லம்மா."

"ஏன், இது என்னா செல்லாக் காசா? இதுவும் கவர்மெண்டு முத்திரைதானே?"

"முத்திரை எல்லாம் சரி. டாக்டர் அதுல பேர் குடுக்கல. ரொக்கம்னா உக்காருங்க."

"ரொக்கம் இருந்தா அட்டைய ஏன்டா நீட்டறோம்?" என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த நோயாளிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அமராவதி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெரிய டாக்டர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

அட்டை எடுக்கிற டாக்டர் வேண்டும், அவ்வளவுதானே என்று விசாரித்தேன். திருப்பாப்புலியூரில் ஒருத்தர் இன்சூரன்ஸ்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கிறார் என்று மில்லில் சொன்னார்களாம். போனோம். பூவராகன் மூச்சு வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடியே வந்தான். எனக்கும் அமராவதிக்கும் எழுத்து தெரியாது. வாசலில் போர்டில் பெரிதாக ஒரு கண் வரைந்திருந்தது. புதுக் கட்டடம், திருஷ்டிக்கு வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அரை நாள் காத்திருந்தோம். அட்டையை ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ஏக சந்தோஷம். உள்ளே போனதும் டாக்டர் பூவராகனின் கண் இமையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லையே. முகம்தான் வீங்கியிருக்கு" என்றார்.

"கண்ணுல இல்ல சாமி, குண்டிக்காய்ல."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் கண் டாக்டரும்மா. வாசல்ல அம்மாம் பெருசா கண்ணு போட்டிருக்கேனே, பாக்கலையா?"

அந்த நேரத்திலும் பூவராகன் சிரித்துவிட்டான். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, மூச்சுத் திணறத் திணறச் சிரித்தான். "நல்ல வேளை அக்கா, பல்லு டாக்டர்கிட்ட இட்டுக்கிட்டுப் போயிருந்தா பல்ல புடுங்கியிருப்பாரு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. குண்டிக்காய் தெரிந்தவன் அட்டையைத் தொடமாட்டேன் என்கிறான். அட்டையைத் தொடுகிறவனுக்குக் குண்டிக்காய் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவே இருக்காதா? இதற்கிடையில் என் தம்பி செத்துவிடுவான் என்று முதல் தடவையாகப் பயந்தேன். அமராவதி இடுப்பில் கைக்குழந்தை வேறு. அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் ஓ.டி. மார்க்கெட்டில் முத்தலிப் பாய் வந்து நின்று, "என்னா செல்லாயி, சத்தத்தையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வாய் அடைத்துப் போயிருந்தவள் அவரிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"அட அல்லா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார் பாய். "சிதம்பரத்துல தெக்கு வீதியில ஒரு டாக்டர் இருக்காங்க. எங்க வூட்டு சைதுன் பீவிக்கு மூத்திரத்துல ரத்தம் போச்சே, அவுங்கதான் பாத்தாங்க. மெட்ராஸ்ல கிட்னி வியாதிக்காரங்கள மட்டும் பாக்கற வார்டுல வேலை செஞ்சுட்டு வந்தவங்க. நான் காத்துக்கிட்டிருந்தப்ப மில்லுக்காரன் ஒருத்தன் இதே மாதிரி அட்டைய நீட்டினான். பாத்தேன், வாங்கிக்கிட்டாங்க."

"நெசமாத்தானா பாய்? கண்ணு டாக்டர் இல்லையே?"

"கருவாட்டு மேல சத்தியம்" என்றார் பாய். வியாபாரிக்கு அதைவிடப் பெரிய சத்தியம் ஏது?

சீட்டு வாங்க இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த கிளார்க், சிதம்பரம் தன் எல்லையில் வராது என்றான். "நோவு எல்லை பாத்தாய்யா வந்துச்சு? குண்டிக்காய் ஆலப்பாக்கத்தோட நின்னுருமா?" என்று நான் கேட்ட கேள்வியில் டாக்டர் ராமாமிர்தமே எழுந்து வெளியே வந்துவிட்டார். அவர் நல்ல மனுஷன். நின்றபடியே சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

குழந்தையைப் பக்கத்து வீட்டு முத்தம்மாளிடம் விட்டுவிட்டு, விடிந்ததும் ஓ.டி. ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அமராவதி மடியில் ஒரு பனையோலைப் பெட்டி. உள்ளே அவள் போட்ட வஞ்சிரம், துண்டு துண்டாக, பொன் நிறத்தில். வெறுங்கையோடு ஒருத்தர் வாசலை மிதிப்பது எங்கள் வழக்கம் இல்லை. அதிலும் உயிரைக் கேட்டுப் போகிற வாசல். எதிரே இருந்த ஐயர் வீட்டு அம்மாள் மூக்கை மூடிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனாள். காற்றாட உட்காரப் பூவராகனுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அதுவும் கருவாட்டின் புண்ணியம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தெற்கு வீதியில் வீடு சின்னதுதான். வாசலில் இருந்த போர்டைப் பூவராகனை நிறுத்தி வாசிக்கச் சொன்னேன். ஒரு தடவை பட்டதே போதும்.

"டாக்டர் விருத்தாம்பாள். தொழிலாளர் இன்சூரன்ஸ் நோயாளிகள் செவ்வாய், வெள்ளி" என்று வாசித்தான். பிறகு, "பொம்பள டாக்டரா?" என்று அங்கேயே நின்றுவிட்டான்.

"ஆமாம், பொம்பளதான். உன்னப் பெத்தவ என்னா ஆம்பளையா? ஏறுடா உள்ள."

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வெள்ளைக் கைத்தறிப் புடவை, தலையில் முன்பக்கம் கொஞ்சம் நரை. சீட்டையும் அட்டையையும் வாங்கிப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாராக இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் இரண்டையும் மேசைமேல் வைத்து, "உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் அலைந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். செருகிய முந்தானையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நிதானமாகப் பார்த்தார். காலை அழுத்தினார், காதில் மாட்டுகிற குழாயை முதுகில் வைத்தார், கையில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பிரஷர் பார்த்தார். பூவராகன் கூச்சத்தில் நெளிந்துகொண்டே பாட்டிலில் மூத்திரம் பிடித்துக் கொடுத்தான். அதைச் சுட வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உப்பு நிறுத்தச் சொன்னாங்களே, நிறுத்தினீங்களா?"

"ஒரு கல்லு உப்பு போடல டாக்டரம்மா" என்றாள் அமராவதி. "உப்புப் பானையையே அண்ணி வூட்டுல கொண்டு வச்சுட்டேன். மாரியாத்தா மேல சத்தியம்."

"ஆமாம், என் வூட்டுலதான் இருக்குது" என்றேன் நானும். உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே, அந்தப் பெண் அதில் அவ்வளவு கண்டிப்பாகத்தான் இருந்தாள்.

 டாக்டரம்மா, ராமாமிர்தம் டாக்டரின் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"உப்ப நிறுத்தி, இந்த மாத்திரையும் குடுத்து, அப்பவும் இந்த அளவுக்கு வீக்கம் ஏறுதுன்னா, ரெண்டு கிட்னியும் ரொம்பக் கெட்டுப் போச்சுன்னுதான் எடுத்துக்கணும். மெட்ராஸ்ல சேத்துப் பாக்கலாம். நானும் எழுதறேன். ஆனா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. கிட்னி முழுசா நின்னுபோனா அதுக்கு நம்ம பக்கம் வைத்தியம் இல்லம்மா. மனசத் திடப்படுத்திக்கணும்."

பூவராகன் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.  என் வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ, ஒரு வார்த்தை வரவில்லை. அமராவதிதான் எழுந்தாள். ஓலைப் பெட்டியைக் கொண்டுபோய் மேசை ஓரத்தில் வைத்தாள்.

"எப்புடியாவது பாருங்கம்மா. எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல. நீங்க கவுச்சி சாப்புடுவீங்களா மாட்டீங்களான்னு தெரியல. நானே போட்டது. இவருக்கும் இதத்தான் குடுக்கறேன். இது இருக்கக்கொண்டுதான் இம்மாம் நாள் தாங்குனாரு."

டாக்டரம்மா மூடியைத் தூக்கினார். நாற்றத்துக்கு முகம் சுளிக்கவில்லை. உள்ளே பார்த்தார், அமராவதியைப் பார்த்தார்.

"இது கருவாடு இல்ல?"

"வஞ்சிரம்மா. இவருக்கு நெத்திலி, வாளை, எது நல்லா இருக்கோ அது."

"தினமுமா?"

"மூணு வேளையும். பத்தியம் இல்லையா? கஞ்சிதான் உப்பில்லாம எறங்க மாட்டேங்குது. இதச் சுட்டு உதுத்து வச்சா கொஞ்சம் எறங்கும்."

டாக்டரம்மாவின் குரல் மாறவே இல்லை. "நல்லா போட்டிருக்க. எப்புடிப் போடுவ, சொல்லு" என்றார்.

தன் கைவேலையைப் பற்றி ஒருத்தர் கேட்டதும் அமராவதி தலை நிமிர்ந்தாள். "மொதல்ல மீனக் கீறி, கொடலு செவுளு எல்லாம் எடுத்துருவேன். கடத்தண்ணில ரத்தம் போவ அலசணும். அப்புறம் பானையில ஒரு வரிசை மீனு, அதும்மேல ஒரு வரிசை உப்..."

அதோடு நின்றுவிட்டாள்.

வாய் திறந்தபடியே இருந்தது.  தெருவில் யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள். அமராவதி தன் இரண்டு கையையும் விரித்து, அதைப் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. உப்பு என்றால் எங்களுக்குப் பானையில் இருக்கிறது. கருவாடு என்றால் மீன். அந்த உப்புதான் இந்தக் கருவாட்டில் இருக்கிறது என்பது பிறந்ததிலிருந்து தெரியும், ஆனாலும் தெரியவில்லை. ஒரு குப்பமே பார்த்துக்கொண்டிருந்ததே, ஒருத்தருக்காவது தோன்றியதா?

உறைத்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் என்ன சொல்வேன், கைக்கு எட்டினவள் மேல்தான். "அடிப் பாவி!" என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பூவராகன் முந்திக்கொண்டான்.

"அவ மேல தப்பு இல்ல டாக்டரம்மா. அவ வேணாம்னுதான் தலப்பாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் அடம் புடிச்சு, சண்ட போட்டு, வாங்கித் தின்னேன்."

பச்சைப் பொய். தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தவன் அவன். ஊட்டியவள் அவள். அதட்டியவள் நான். சொல்லிவிட்டு அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். சின்ன வயதில் என் கையைக் கடித்துவிட்டு, 'அம்மாகிட்ட சொல்லாத' என்று பார்ப்பானே, அதே பார்வை. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்கு எல்லாம் புரிந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. மெட்ராஸுக்கு எழுதத் தொடங்கியிருந்த சீட்டை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.

"இது கெட்ட சேதி இல்ல, நல்ல சேதி" என்றார். "உப்பு நிறுத்தியும் வீங்குதுன்னுதான் நான் பயந்தேன். நீங்க இன்னும் நிறுத்தவே இல்லையே. பத்தியம் இன்னிக்குத்தான் ஆரம்பம். கிட்னில பழுது இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது. கருவாடு, ஊறுகா, அப்பளம், வடாம் ஒண்ணும் கூடாது. தண்ணிக்கும் அளவு சொல்றேன். பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க. இதே அட்டைய எடுத்துக்கிட்டு வாங்க."

"அதெல்லாம் போனா அப்புறம் சாப்பாட்டுல என்னா இருக்குது டாக்டரம்மா?" என்றேன்.

"புருஷன் இருப்பாரு" என்றார் அமராவதியைப் பார்த்து. ஓலைப் பெட்டியையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். தான் சைவம் என்றார்.

திரும்பி வருகிற ரயிலில் அமராவதி ஓலைப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டி கிள்ளையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் எழுந்தாள். பெட்டியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். பூவராகன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நல்ல கருவாட்ட ஏன்டி ஆத்துல போடற? அது என்னா பாவம் பண்ணிச்சு? பரங்கிப்பேட்டையில பாய் ஆளு நிப்பான், குடுத்துடு."

அவள் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நாந்தானே ஊட்டுனேன். வேணாம் வேணாம்னு சொன்ன வாயில நாந்தானே திணிச்சேன். ஏன்யா பொய் சொன்ன?"

"பொய் என்னா இதுல? கை உன்னுது, மெல்லுன வாய் என்னுதுதானே?"

"நீ செத்துப் போயிருந்தீன்னா?"

"செத்தா நாளைக்கு ஊரு உன்னத்தான் சொல்லும். புருஷன கருவாடு போட்டுக் கொன்னவள்னு. எனக்கு அது ஆவாது" என்றான். பிறகு அவள் முகத்திலிருந்து முந்தானையை இழுத்துவிட்டு, "அழுவாத. கண்ணுத் தண்ணிலயும் உப்பு இருக்குதாம். டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா அதுக்கும் தடை போட்ருவாங்க" என்றான். அவள் அழுதுகொண்டே அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாலம் முடிகிற வரைக்கும் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் சிதம்பரம் போய் வந்தோம். முதலில் முகம் வடிந்தது. அப்புறம் முழங்கால். மல்லாந்து படுத்துத் தூங்கினான் என்று ஒரு காலையில் அமராவதி ஓடி வந்து சொன்னாள். குண்டிக்காய் கொஞ்சம் தேறியிருக்கிறது, முழுசாகப் பழைய மாதிரி ஆகாது, ஆயுசுக்கும் இதே பத்தியம்தான் என்றார் டாக்டரம்மா. இருந்துவிட்டுப் போகட்டும். நான் கருவாட்டுக் கூடையை அவன் வாசல் வழியாகக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். வாசனை அடித்தால் அவனுக்கு நாக்கு ஊறும், பாவம். அமராவதி கருவாடு போடுவதையும் என் வீட்டுப் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

அவன் மறுபடி மில்லுக்குப் போய் வந்த முதல் நாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு காலிலும் போட்டுக்கொண்டு, மணலைத் தேய்த்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு அவர்கள் வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். ஒரே ஒரு சட்டிதான் இருந்தது. புது மீன், புளி, மிளகாய். தனக்கென்று அவள் வேறு சட்டி வைக்கவில்லை. நான் சுற்றிப் பார்த்தேன். உப்புப் பானை இன்னும் என் அடுப்படியில்தான் இருக்கிறது, அவள் அதைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் அவளும் அதே கஞ்சியைத்தான் குடித்திருக்கிறாள்.

எனக்கும் ஒரு தட்டில் போட்டாள். ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தேன். ஐயோ சாமி! புளியும் காரமும் தனித்தனியாக நாக்கில் நின்றன. வெறும் மண்ணைப் பிசைந்து தின்றாலும் இதைவிட ருசியாக இருக்கும். பூவராகன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அமராவதி கரண்டியோடு நின்று, பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"உப்பு சரியா இருக்கா அண்ணி?"

கேட்டதும் அவளுக்கே முகம் வெளிறிப் போயிற்று. பூவராகன் தலை தூக்கி என்னைப் பார்த்தான். அன்றைக்கு டாக்டரம்மா வீட்டில் பார்த்த அதே பார்வை.

நான் கவளத்தை விழுங்கினேன். "சரியா இருக்குதுடி" என்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்து."